இடது ஓரத்தில் இருபது ஆண்டுகள்

 

முதலில் ஒரு சின்னக் கேள்வி. உங்களுக்குத் தெரிந்த கால்பந்து வீரர்களில் பத்துப் பேரை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பெலே வருவார். மரடோனா வருவார். மெஸ்ஸி, ரொனால்டோ வராமல் இருப்பார்களா? பத்துப் பேரில் எத்தனை பேர் கோல் போடுகிறவர்கள், எத்தனை பேர் கோல் விழாமல் தடுக்கிறவர்கள்? தடுக்கிறவர் ஒருவர் வந்திருந்தாலே அதிசயம். அவர் இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனில் ஆடியவராக இருக்க வாய்ப்பே இல்லை.

அப்படி யார் பட்டியலிலும் வராத ஒருவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெயர் ஜான் ட்ரோலப். ஊர், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்விண்டன். ஆடிய இடம் லெஃப்ட் பேக். சட்டை எண் 3. ஸ்விண்டன் டவுன் என்ற ஒரே கிளப்புக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 770. இங்கிலாந்து லீக் கால்பந்தில் ஒரே கிளப்புக்காக அத்தனை லீக் ஆட்டங்கள் ஆடியவர் வேறு யாரும் இல்லை. மான்செஸ்டரிலும் இல்லை, லிவர்பூலிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. ஸ்விண்டனில்தான்!

அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்றாம் டிவிஷனில் ஒரு பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினாலும் 770-ஐ எட்டக் கிட்டத்தட்ட பதினேழு பருவங்கள் ஆகும். காயம் படக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாது, புதிதாக வரும் மேனேஜருக்குப் பிடிக்காமல் போகக்கூடாது. ஆட்டத்துக்குத் தொண்ணூறு நிமிடம் என்று பெருக்கினால், இரவு பகல் பாராமல் நாற்பத்தெட்டு நாள் இடைவிடாது மைதானத்தில் நின்ற கணக்கு வருகிறது. இதில் கோப்பை ஆட்டங்கள் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் 889.

எப்படி முடிந்தது? வெறும் விசுவாசமா? வேறு வழியில்லாமையா? திறமை போதாமல் மேலே போகாமல் நின்றுவிட்டாரா? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு அந்த மனிதரின் இருபது ஆண்டுகளுக்குள் போவோம்.

இங்கிலாந்தின் லீக் அமைப்பை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 92 கிளப்புகள், நான்கு அடுக்குகள். 1958இல்தான் இந்த நான்கு அடுக்கு முறை வந்தது. அதற்கு முன் மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேலே இருப்பவர்கள் கோப்பைக்காக ஆடுவார்கள். கீழே இருப்பவர்கள் அடுத்த பருவமும் லீக்கில் இருக்க வேண்டுமே என்று ஆடுவார்கள். நான்காம் டிவிஷனில் கடைசி நான்கு இடங்களில் முடித்த கிளப்புகள், எங்களை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டு நின்ற காலம் அது.

ஸ்விண்டன் ஒரு ரயில் ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறை 1843இல் அங்கே இயங்கத் தொடங்கியது. ஊரே அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஸ்விண்டன் டவுன் 1920இல் லீக்கில் சேர்ந்தது, மூன்றாம் டிவிஷனில். ஆண்டுகள் ஓடின. ஒரு உலகப் போர் வந்து போனது. அணி மட்டும் அதே மூன்றாம் அடுக்கில் இருந்தது. மேலேயும் போகவில்லை, வெளியேயும் விழவில்லை.

அந்த ஊரை ஒட்டிய ராட்டன் என்ற கிராமத்தில் 1943 ஜூனில் பிறந்தவர் ட்ரோலப். 1960 ஆகஸ்டில், பதினேழு வயதில், ஹாலிஃபாக்ஸ் டவுனுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். பதினேழு வயதுப் பையனை எந்தத் துணிச்சலில் இறக்கினார்கள்? அப்போதைய மேனேஜர் பெர்ட் ஹெட் கையில் பணம் இல்லை. பணம் இல்லாத மேனேஜர் என்ன செய்வார்? இளைஞர்களைத் தேடுவார். அப்படி ஒரு இளவட்டக் கூட்டத்தையே அவர் இறக்கிவிட்டார். மைக் சம்மர்பீ, எர்னி ஹன்ட், கொஞ்ச காலம் கழித்து டான் ராஜர்ஸ். பெர்ட்டின் பிள்ளைகள் என்றே ஊர் அவர்களைச் செல்லமாக அழைத்தது.

அந்தக் கூட்டத்தில் இந்த மூவரும் முன்னால் ஓடுகிறவர்கள். ட்ரோலப் பின்னால் நிற்கிறவர்.

லெஃப்ட் பேக்கின் வேலை என்ன? எதிரணியின் வலது விங்கர் பந்தோடு ஓடி வருகிறார். விங்கருக்கு எதைச் செய்தாலும் லாபம். உள்ளே வெட்டலாம், வெளியே ஓடலாம், நின்று ஏமாற்றலாம். பேக்குக்கு எதைச் செய்தாலும் ஆபத்து. முந்திப் பாய்ந்தால் பந்து காலுக்கு இடையில் போய்விடும். பாயாமல் நின்றால் கிராஸ் வந்துவிடும். நல்ல பேக் இந்த இடத்தில் அவசரப்படுவதில்லை. ஒரு காலை முன்வைத்து, உடம்பைச் சற்றுச் சாய்த்து, உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, வெளிப்பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். அங்கே போ என்கிறார். அங்கே ஓரக்கோடு இருக்கிறது. விங்கருக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. பந்தை அவர் ஒரு முழம் தள்ளிவிடும் அந்த ஒரு நொடியில்தான் பேக்கின் கால் போகிறது. பந்து கோட்டுக்கு வெளியே. த்ரோ இன். அவ்வளவுதான். யாரும் எழுந்து நின்று கத்த மாட்டார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு வரியும் வராது. ஆனால் அந்த ஒரு கிராஸ் வரவில்லை. ஒரு ஆட்டத்தில் இப்படி எத்தனையோ முறை. அதையே இருபது ஆண்டு செய்தால்?

இதை மழைக்காலத்து இங்கிலாந்துச் சேற்றில் செய்ய வேண்டும். ஜனவரியில் பெனால்டி பகுதியில் புல்லே இருக்காது, களிமண்தான். பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. 1965 வரை இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. அடிபட்டவர் மைதானத்தை விட்டுப் போனால் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். அதனால் நொண்டிக்கொண்டாவது ஓரத்தில் நிற்பார்கள். 65இல் ஒருவரை மாற்றலாம் என்றார்கள், அதுவும் காயம்பட்டால் மட்டும். எந்தக் காரணத்துக்காகவும் மாற்றலாம் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

சரி, இதற்கு என்ன சம்பளம்?

இங்கேதான் பேச்சு கொஞ்சம் திரும்புகிறது. ட்ரோலப் முதல் ஆட்டம் ஆடிய 1960 ஆகஸ்டில், இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று சட்டதிட்டம் இருந்தது. ஆட்டம் இல்லாத கோடைக்கு 17 பவுண்டு. இங்கிலாந்துக்கே கேப்டனாக இருந்த ஜானி ஹெய்ன்ஸுக்கும் அதே உச்சவரம்புதான். வீரர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் என்று மிரட்டி, 1961 ஜனவரியில் அந்த வரம்பை உடைத்தார். உடனே ஃபுல்லம் கிளப் ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு என்று அறிவித்தது. பத்திரிகைகள் அலறின. ஆனால் ஹெய்ன்ஸுக்கு நூறு என்றால் எல்லோருக்கும் நூறா? கீழ் டிவிஷன் கிளப்புகளில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வரம்பு போனது, வறுமை போகவில்லை.

அதைவிட இறுக்கமான கயிறு இன்னொன்று. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவருடைய பதிவைக் கிளப் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பருவ முடிவிலும், இவர்களை வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு பட்டியல் வெளியாகும். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், கிளப் சம்மதிக்காமல் வேறு இடத்துக்குப் போக முடியாது. பெயர் இல்லாவிட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான். நியூகாஸிலில் ஆடிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இது ஒருவரின் தொழில் உரிமையை அநியாயமாகத் தடுப்பது என்று தீர்ப்பளித்தார். கயிறு தளர்ந்தது, அறுபடவில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் விருப்பப்படி இன்னொரு கிளப்பைத் தேடிப் போகலாம் என்ற நிலை 1978இல்தான் வந்தது. அப்போதும் போகிற இடத்துக் கிளப் பணம் கட்ட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? ஒரே கிளப்பில் இருபது ஆண்டு என்றதும் நாம் உடனே கண்கலங்கி, அந்தக் காலத்து விசுவாசம் என்று பாடத் தொடங்கிவிடுகிறோம். அந்த விசுவாசத்தில் பாதி சட்டத்தின் பிடி. அதைச் சொல்லாமல் ட்ரோலப்பைப் புகழ்ந்தால் அது பாதிக் கதை. ஆனால் சட்டம் மட்டும்தான் காரணம் என்றால் அதுவும் பாதிக் கதை. ஏனென்றால், அதே சட்டத்தின் கீழ், அதே ஸ்விண்டனிலிருந்து, மற்றவர்கள் போனார்களே!

யார் போனார்கள்? 1962-63 குளிர்காலம் இங்கிலாந்து மறக்காத குளிர்காலம். வாரக்கணக்கில் மைதானங்கள் பனியில் உறைந்து கிடந்தன, எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று முடியவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தப் பருவத்தில்தான் ஸ்விண்டன், நார்தாம்ப்டனுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் முடித்து, தன் வரலாற்றிலேயே முதல்முறையாக மேலே ஏறியது. இரண்டே பருவம். 1965இல் மறுபடி கீழே. உடனே பெர்ட் ஹெட்டை வெளியேற்றினார்கள். சம்மர்பீ மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். பிறகு இங்கிலாந்துக்கும் ஆடினார். ஹன்ட் உல்வ்ஸுக்குப் போனார். பணம் வரும் என்றால் கிளப் விற்கும். முன்னால் ஆடுகிறவருக்கு விலை அதிகம்.

மூன்றாம் எண் சட்டை மட்டும் மாறவில்லை.

1961 வசந்தத்தில் தொடங்கி 1968 ஆகஸ்ட் வரை ட்ரோலப் இடைவெளியே விடாமல் ஆடிய ஆட்டங்கள் 368. கோப்பை ஆட்டங்களும் இதில் அடக்கம். ஏறியபோதும் அவர், இறங்கியபோதும் அவர். 1967 ஜனவரியில், இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அணியின் பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் மூவரையும் வைத்திருந்த வெஸ்ட் ஹாமை மூன்றாம் டிவிஷன் ஸ்விண்டன் எஃப்.ஏ. கோப்பையில் மறு ஆட்டத்தில் 3-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அப்போதும் அவர்தான். கடைசியில் அந்த வரிசையை முறித்தது எந்த மேனேஜரும் அல்ல, உடைந்த கைதான்.

அந்தக் கை குணமாகி அவர் திரும்பிய பருவம்தான், ஸ்விண்டன் மக்கள் இன்றைக்கும் பேசுகிற பருவம். 1968-69. வாருங்கள், வெம்ப்லி அரங்கத்துக்குப் போவோம்.

லீக் கோப்பை என்பது நான்கு அடுக்குக் கிளப்புகளும் கலந்து ஆடும் போட்டி. அந்த ஆண்டு ஸ்விண்டன் வழியில் பிளாக்பர்ன், கவென்ட்ரி, டெர்பி என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். அரையிறுதியில் முதல் டிவிஷன் பர்ன்லி. இரண்டு ஆட்டத்தில் முடிவு வராமல், பொது மைதானத்தில் மூன்றாவது ஆட்டம் வரை இழுத்து, ஸ்விண்டன் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே ஆர்சனல். அதே ஆர்சனல்தான் இரண்டு ஆண்டு கழித்து லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது. கோலில் பாப் வில்சன், கேப்டன் ஃப்ராங்க் மெக்லின்டாக். மூன்றாம் டிவிஷன் அணி இவர்கள் முன்னால் என்ன செய்யும் என்றுதான் நாடே நினைத்தது.

1969 மார்ச் 15. அரங்கத்தில் தொண்ணூற்றெட்டாயிரம் பேருக்கு மேல். மைதானமோ சேற்று வயல். மழை ஊற்றி ஓய்ந்திருந்தது. மூன்று நாள் முன்புதான் இங்கிலாந்து அதே மண்ணில் பிரான்ஸை 5-0 என்று வென்றிருந்தது. ஆர்சனல் வீரர்கள் பலர் ஃப்ளூ காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர்கள். அதனால்தான் தோற்றார்கள் என்று சிலர் பிறகு சொன்னார்கள். சேறு இரண்டு அணிக்கும் ஒன்றுதானே!

முதல் பாதியில் ஆர்சனல் பேக் இயன் யூருக்கும் கோல்கீப்பர் வில்சனுக்கும் நடுவே ஒரு குழப்பம். பந்து உனக்கா எனக்கா என்று தடுமாறிய நேரத்தில் ராஜர் ஸ்மார்ட் புகுந்து தட்டிவிட்டார். ஸ்விண்டன் 1, ஆர்சனல் 0. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு நெடுநேரம் ஆர்சனல் அலை அலையாக வந்தது. இதுதான் பின்கள வீரர்களின் நேரம். ரோட் தாமஸ் வலப்பக்கம், ட்ரோலப் இடப்பக்கம், நடுவில் ஃப்ராங்க் பர்ரோஸும் கேப்டன் ஸ்டான் ஹார்லண்டும், பின்னால் கோல்கீப்பர் பீட்டர் டவுன்ஸ்பரோ. அன்றைக்கு டவுன்ஸ்பரோ தடுத்த பந்துகளைப் பார்த்தவர்கள் ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிய நான்கே நிமிடம். அதே டவுன்ஸ்பரோ முன்னேறி வந்து உதைத்த பந்து சரியாகப் போகவில்லை. பாபி கூல்ட் தலையால் தள்ளிச் சமன் செய்தார். அரை நூற்றாண்டில் பெரும்பகுதியும் கீழ் அடுக்கிலேயே கிடந்த ஊருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும்?

கூடுதல் நேரம். கால் தசை பிடித்துக்கொண்டு ஆர்சனல் வீரர்கள் நிற்க முடியாமல் தவித்தார்கள். மூன்றாம் டிவிஷன்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார்னரிலிருந்து வந்த பந்தை டான் ராஜர்ஸ் திருப்பி அடித்தார்: 2-1. கடைசி நிமிடத்தில் ஆர்சனல் முழுக்க முன்னேறிவிட்ட நிலையில், தன் பாதிக்கு அருகிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு ராஜர்ஸ் தனியாக ஓடினார், வில்சனையும் ஏமாற்றி உள்ளே தட்டினார். 3-1. இங்கிலாந்தில் அந்தத் தலைமுறை மறக்காத ஓட்டங்களில் அது ஒன்று.

ராஜர்ஸ் இடது விங்கர், எண் 11. அவருக்கு நேர் பின்னால் ஆடியவர் இடது பேக், எண் 3. ஒரே ஓரத்தின் முன்பாதி ராஜர்ஸ், பின்பாதி ட்ரோலப். நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை யார் பெயர் கேட்கிறார்கள்? அவர் மூச்சை விட்டால் கச்சேரி நடக்குமா? ராஜர்ஸ் மனம்போல் முன்னால் ஓட முடிந்தது, பின்னால் அந்த ஓரத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்பதால்தான்.

அந்தப் பருவத்திலேயே ஸ்விண்டன் இரண்டாம் டிவிஷனுக்கும் ஏறியது. வாட்ஃபோர்டுக்கும் அவர்களுக்கும் ஒரே புள்ளிகள், 64; கோல் சராசரியில்தான் முதலிடம் வாட்ஃபோர்டுக்குப் போனது. ஆனால் ஒரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். லீக் கோப்பையை வென்றவர்களுக்கு ஐரோப்பியப் போட்டியில் இடம் என்றது விதி. மூன்றாம் டிவிஷன் அணியா, இடம் இல்லை என்றார்கள். ஆடி ஜெயித்த உரிமையை அடுக்கைப் பார்த்து மறுத்தார்கள். அதற்கு ஈடாக இத்தாலிய அணிகளோடு ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார்கள். ஸ்விண்டன் ரோமாவிடம் ரோம் நகரில் 2-1 என்று தோற்று, சொந்த மண்ணில் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு நேப்பிள்ஸில் நாப்போலிக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்தபோது ரசிகர்கள் கலாட்டாவில் இறங்க, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திக் கோப்பையை ஸ்விண்டனுக்குக் கொடுத்தார்கள். ராட்டன் கிராமத்திலிருந்து நேப்பிள்ஸ் வரை! அடுக்கைப் பார்த்து இடம் மறுத்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

இந்த இடத்தில் ட்ரோலப்பை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, அவரைப் போன்ற இன்னும் இரண்டு மூன்று பேரைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் அவர் தனி ஆள் இல்லை; ஒரு வம்சம்.

பானைத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் வட்டாரத்தில் போர்ட் வேல் என்றொரு கிளப். அதன் பின்கள வீரர் ராய் ஸ்ப்ரோசன், 1950 முதல் 1972 வரை, நாற்பத்தோரு வயது வரை ஆடினார். லீக்கில் மட்டும் 760 ஆட்டம். 1953-54இல் அந்த அணி மூன்றாம் டிவிஷன் வடக்கில் 46 ஆட்டத்தில் விட்ட கோல்கள் வெறும் 21. மேனேஜர் பெயர் ஃப்ரெடி ஸ்டீல். அவர் கட்டிய பின்களத்துக்கு இரும்புத்திரை என்றே பட்டம் வந்தது. அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையில் முந்தைய ஆண்டு சாம்பியனான பிளாக்பூலை வீழ்த்தி அரையிறுதி வரை போனார்கள். ஸ்ப்ரோசனுக்கு இன்று போர்ட் வேல் மைதானத்துக்கு வெளியே சிலை நிற்கிறது. தடுத்து ஆடியவருக்குச் சிலை! அந்த ஊருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ட்ரான்மியர் ரோவர்ஸின் ஹெரால்ட் பெல் கதை வேறு மாதிரி. போர் முடிந்து லீக் மறுபடி தொடங்கிய 1946 ஆகஸ்டில் முதல் ஆட்டம் ஆடினார். அதற்குப் பிறகு லீக்கில் ஒரு ஆட்டம்கூட விடவில்லை. ஒன்பது முழுப் பருவங்கள். பத்தாவது பருவத்தில் மூன்று ஆட்டம். மொத்தம் தொடர்ச்சியாக 401. அதன் பிறகு என்ன நடந்தது? அடிபட்டாரா? இல்லை. அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நானூற்றொரு ஆட்டம் தொடர்ந்து ஆடிய மனிதரை ஒரு நாள் காலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கீழ் டிவிஷன் வாழ்க்கையின் ஈரமின்மையும் இதில் இருக்கிறது, மறைப்பானேன்?

போர்ட்ஸ்மத்தின் ஜிம்மி டிக்கின்சன் இவர்களில் சற்றே உயரத்தில் இருந்தவர். 1949, 1950 என்று இரண்டு ஆண்டு முதல் டிவிஷன் சாம்பியன் அணியில் இருந்தவர்; இங்கிலாந்துக்கு 48 ஆட்டம். அதே கிளப் பிறகு மூன்றாம் டிவிஷன் வரை விழுந்தது. அவர் விட்டுப் போகவில்லை. ஒருமுறைகூட நடுவரின் குறிப்பேட்டில் பெயர் ஏறாத மனிதர். 1965இல், தன் நாற்பதாவது பிறந்தநாளன்று, கடைசி ஆட்டம். லீக் ஆட்டங்கள் 764. அந்த எண்தான் பிறகு ட்ரோலப்பின் முன்னால் வந்து நின்றது.

எழுபதுகள் ஸ்விண்டனுக்கு எளிதாக இல்லை. ராஜர்ஸ் 1972இல் கிரிஸ்டல் பேலஸ் போனார். வாங்கியவர் யார் தெரியுமா? அதே பழைய பெர்ட் ஹெட்! மேனேஜர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஹெட்டுக்குப் பின் டேனி வில்லியம்ஸ், ஃப்ரெட் ஃபோர்ட், டேவ் மக்காய், லெஸ் ஆலன், மறுபடி வில்லியம்ஸ், பிறகு பாபி ஸ்மித். ஒவ்வொருவரும் வரும்போது புதுத் திட்டம், புது முகங்கள். 1974இல் அணி மூன்றாம் டிவிஷனுக்குத் திரும்பியது. மூன்றாம் எண் சட்டை?

மாறவில்லை.

1978இல் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது. அந்த ஆண்டே ஆடுவதை நிறுத்திவிட்டு இளைஞர் அணிக்குப் பயிற்சி தரப் போனார். முப்பத்தைந்து வயது. இது போதும் என்று யாரும் சொல்வார்கள். கிளப் விடவில்லை. ஆள் பற்றாக்குறை, மறுபடி கூப்பிட்டார்கள், சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். 1980 அக்டோபரில் டிக்கின்சனின் 764-ஐத் தாண்டினார். பிறகு ஐந்து ஆட்டம். 770இல் நின்றார்.

இப்போது அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம். திறமை போதாதா? பெரிய அணிகளோடு மோதியபோதெல்லாம் அந்த இடது ஓரம் தாங்கியிருக்கிறது. போதாது என்று சொல்ல நாக்குக் கூசும். இங்கிலாந்துக்கு ஆடும் அளவுக்கு இருந்ததா என்றால், அந்த வரிசையில் அவருக்கு முன்னால் பலர் இருந்தார்கள் என்பதுதான் நேர்மையான பதில். வழியில்லாமையா? சட்டம் இறுக்கியது உண்மை. விசுவாசமா? ஊர் பக்கத்திலேயே பிறந்து, அந்த ஊர் அணிக்கு ஆடக் கிடைத்தவருக்கு அதில் ஒரு பற்று இல்லாமலா இருக்கும்? மூன்றையும் கூட்டினாலும் 770 வராது. நாலாவது ஒன்று வேண்டும். மேனேஜர்கள் ஆறு பேர் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில், சனிக்கிழமை அணிப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது, மூன்றாம் எண்ணுக்கு நேராக யோசிக்காமல் அதே பெயரை எழுதினார்கள். யோசிக்க வைக்காமல் இருப்பது ஒரு பின்கள வீரரின் திறமைகளிலேயே பெரிய திறமை. அது கோலில் தெரியாது, கோப்பையில் தெரியாது, எண்ணிக்கையில்தான் தெரியும்.

அதற்காக அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். 1981இல் அவரையே மேனேஜராக்கினார்கள். 1982இல் ஸ்விண்டன் தன் வரலாற்றில் முதல்முறையாக நான்காம் டிவிஷனுக்கு விழுந்தது. அடுத்த ஆண்டே பதவி போனது. பந்தைத் தடுக்கத் தெரிந்தவருக்குச் சரிவைத் தடுக்க முடியவில்லை. ஊர் அதை அவர் கணக்கில் எழுதவில்லை என்பது ஊரின் பெருந்தன்மை.

இந்த எண்ணை இனி யாராவது தாண்டுவார்களா? டோனி ஃபோர்ட் என்ற வீரர் 931 லீக் ஆட்டம் ஆடினார். ஆனால் கிரிம்ஸ்பியில் தொடங்கி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச், மான்ஸ்ஃபீல்ட், ராச்டேல் என்று பல ஊர்ச் சட்டை போட்டு. ஒரே சட்டையில் 770 என்பது இனி கடினம். கீழ் டிவிஷன்களில் ஒப்பந்தம் இப்போது ஓராண்டு, இரண்டாண்டுக்குத்தான் போடுகிறார்கள். நன்றாக ஆடினால் மேலே உள்ள கிளப் தூக்கிக்கொண்டு போகும். சுமாராக ஆடினால் மே மாதம் வெளியே அனுப்பிவிடுவார்கள். 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர் கையை வீசிக்கொண்டு போகலாம். பெரும்பாலும் பழைய கிளப்புக்கு ஒரு காசும் தர வேண்டாம். வீரர்களுக்கு இது நல்ல காலம், சந்தேகமே இல்லை. அந்தப் பழைய பட்டியல் காலம் திரும்ப வரவேண்டும் என்று எந்தத் தொழிலாளியும் கேட்க மாட்டான்.

இதற்கு ட்ரோலப் வீட்டிலேயே சாட்சி உண்டு. மகன் பால் ட்ரோலப் ஸ்விண்டனில் பயிற்சி பெற்றவர்; ஆனால் அதன் முதல் அணிக்கு ஆடாமலேயே டார்க்கி போனார். பிறகு டெர்பி, ஃபுல்லம், கவென்ட்ரி, நார்தாம்ப்டன், பிரிஸ்டல் ரோவர்ஸ். டெர்பியோடு பிரீமியர் லீக் வரை ஏறினார், வேல்ஸ் நாட்டுக்காக ஒன்பது ஆட்டம் ஆடினார், 2016இல் கார்டிஃப் சிட்டிக்கு மேனேஜராக ஆனார், அதே ஆண்டு அக்டோபரிலேயே பதவியும் இழந்தார். தந்தை இரண்டாம் டிவிஷனுக்கு மேல் ஆடியதே இல்லை. மகனோ தந்தை ஆடிய கிளப்பில் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. இருவரில் யாருடைய வாழ்க்கை நிறைவானது என்று என்னைக் கேட்டால், அதை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே விட்டுவிடுகிறேன்.